மின்சாரக் காரும் வீட்டுப் பிளக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

மின்சாரக் கார் வாங்குவோர் அதனுடன் சேர்த்து ஒரு சிறு கருவியையும் வாங்குகின்றனர். அதன் ஒரு முனையில் வீட்டுச் சுவரில் செருகும் பிளக். மறுமுனையில் காரின் பக்கவாயிலில் பொருந்தும் கைப்பிடி. நடுவே, பிளக்குக்கு அண்மையில், தடித்த புத்தகம் ஒன்றின் அளவினதாகிய ஒரு பெட்டி. பயணத்தின்போது சுருட்டிக் காரின் பின்புறத்தில் வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர்கள் இதனைப் 'போர்ட்டபிள் சார்ஜர்' என்று விற்கின்றனர். நம் மக்களும் அப்பெயர் சொல்லியே கேட்டு வாங்குகின்றனர். மலிவானவை உண்டு, அவற்றினும் பன்மடங்கு விலையுள்ளவையும் உண்டு. எதனை வாங்குவது என்று திகைப்போர் பலர். அத்திகைப்புக்குப் பாதிக் காரணம் அப்பெயரே என்பது எனது கருத்து.

ஏனெனில் இக்கருவி சார்ஜர் அன்று. மின்கலத்தில் மின்னேற்றும் தொழிலை இஃது ஒரு கணமும் செய்வதில்லை. அத்தொழிலைச் செய்யும் உண்மையான மின்னேற்றி காரின் உள்ளேயே இருக்கிறது. அங்ஙனமாயின் இப்பெட்டிக்குத் தொழில்தான் யாது? இவ்வினாவுக்கு விடை காண நாம் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

மின்சார வண்டி நேற்றுப் பிறந்த குழந்தையன்று. பிரெஞ்சுக்காரராகிய கஸ்தோன் பிளாந்தே 1859இல் ஈயமும் அமிலமும் கொண்ட மின்சேமக்கலத்தைக் கண்டார். ஒருமுறை தீர்ந்தபின் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க முதற்கலம் அதுவே. 1881இல் காமில் ஃபோர் அதனைத் திருத்தித் தொழிற்சாலையில் செய்யத்தக்க பொருளாக்கினார். அவ்வாண்டே குஸ்தாவ் துரூவே என்பார் பாரிஸ் நகரத்துத் தெருவில் மின்விசையால் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அடுத்த ஆண்டு லண்டனில் அயர்ட்டன், பெரி என்னும் பேராசிரியர் இருவர் அத்தகைய வண்டி ஒன்றை மின்விளக்குடன் அமைத்தனர். பெட்ரோல் காரின் தந்தை எனப் போற்றப்படும் கார்ல் பென்ஸ் தமது வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886ஆம் ஆண்டில் என்பதை வாசகர்கள் ஈண்டு நினைவிற் கொள்க. 1899 ஏப்ரல் மாதத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய காரும் பெல்ஜியம் நாட்டு காமில் ஜெனாட்சி ஓட்டிய மின்சார வண்டியேயாம். 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஏறத்தாழ 4,200 கார்களில் 1,575 மின்சாரத்தால் ஓடுபவை. பெட்ரோலில் ஓடியவை 936 மட்டுமே.

இவ்வளவு சிறப்புடன் தொடங்கிய மின்வண்டி பின்னர் ஏன் மறைந்தது? சார்லஸ் கெட்டரிங் கண்ட தானியங்கித் தொடக்கி 1912இல் கேடிலாக் காரில் வந்து, கைப்பிடி சுற்றும் தொல்லையை ஒழித்தது. போர்டு கம்பெனியின் 'மாடல் டி' வண்டி விலையைத் தாழ்த்தியது. பெட்ரோல் எளிதிற் கிடைத்தது. இக்காரணங்கள் பலராலும் எழுதப்பட்டுள்ளன. பெரிதும் எழுதப்படாத மற்றொரு காரணமும் உண்டு. அது வீட்டில் மின்னேற்றுவதன் தொல்லை.

மின்கலம் ஏற்பது நேர்மின்சாரம் ஒன்றே. அஃதாவது ஒரே திசையில் ஓடுவது. எடிசன் 1882இல் நியூயார்க் நகரில் வழங்கத் தொடங்கியதும் நேர்மின்சாரமே. அத்தகைய மின்சாரம் வந்த வீடுகளில் வேலை எளிது. இடையில் தடைக்கம்பி ஒன்றை வைத்து அளவைக் குறைத்துக்கொண்டால் போதும். ஆனால் நெடுந்தொலைவுக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்ல மாறுமின்சாரமே ஏற்றது என்பது விரைவில் தெளிவாயிற்று. ஊர்தோறும் மாறுமின்சாரம் பரவியது. ஒவ்வொரு நொடியிலும் பன்முறை திசை மாறும் அம்மின்சாரத்தைக் கலத்தினுள் நேராகச் செலுத்த இயலாது. திசைதிருத்தும் கருவி ஒன்று இடையே தேவை. ஆரம்பத்தில் அது மோட்டாரும் டைனமோவும் ஒரே தண்டில் சுழலும் பெரும் இயந்திரமாக இருந்தது. 1902இல் பீட்டர் கூப்பர் ஹூவிட் பாதரச ஆவியால் இயங்கும் திசைதிருத்தியைக் கண்டார். கண்ணாடிக் குடுவையினுள் பாதரசம் நீலப்பச்சை ஒளியுடன் கொதித்துச் சுடர்விட, மாறுமின்சாரம் நேர்மின்சாரமாக வெளிவரும். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி அதனைப் பலகையிற் பொருத்திச் செல்வர்களின் கார்க் கொட்டகைகளுக்கு விற்றது.

அன்று 'சார்ஜர்' எனப்பட்டது இதுவே. அலமாரி போன்ற அதனைத் தூக்கிக்கொண்டு பயணம் செய்ய எவராலும் இயலாது. ஹென்றி போர்டின் மனைவியார் கிளாரா, கணவரின் பெட்ரோல் காரை விடுத்து, 1914ஆம் ஆண்டு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் வண்டி ஒன்றை ஓட்டினார் என்பது பலர் அறிந்த செய்தி. அவருக்குச் சொந்தமான கொட்டகையும் அதில் மின்வசதியும் இருந்தன. வாடகை வீட்டில் வாழ்ந்தவர்க்கு அவை இல்லை. ஆகவே மின்வண்டி கொட்டகையுள்ளார் வண்டியாயிற்று. மின்னேற்றி வீட்டிலேயே நின்றுவிட்டமையால் வண்டியும் வீட்டை விட்டு வெகுதூரம் போக இயலவில்லை. இங்கிலாந்தில் பால் வண்டிகள் மட்டும் இத்தொழில்முறையில் பல்லாண்டு நிலைத்தன. அவை ஒவ்வோரிரவும் ஒரே பண்ணைக் கொட்டகைக்குத் திரும்புவன ஆதலின்.

மின்னேற்றி காரினுள் புகுந்தது

பாதரசக் குடுவையின் இடத்தைப் பின்னர் செலினியமும் அதன்பின் சிலிக்கனும் பிடித்தன. அலமாரி அளவாய் இருந்தது பெட்டி அளவாய்ச் சுருங்கியது. எனினும் அப்பெட்டி சுவரில் இருக்க வேண்டுமா, காரில் இருக்க வேண்டுமா என்னும் வழக்கு தீர்வதற்கு 2001ஆம் ஆண்டு ஆயிற்று.

கலிபோர்னியா மாநிலத்துக் காற்றுவள வாரியம் 1990இல், புகையே விடாத கார்களையும் விற்றாக வேண்டும் என்று கார்க் கம்பெனிகளுக்கு விதி செய்தது. அதன் விளைவாக 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஈ.வி.1' என்னும் காரை வாடகைக்கு வெளியிட்டது. அதற்கு மின்னேற்றும் முறை விந்தையானது. துடுப்புப் போன்ற தட்டை ஒன்றைக் காரின் மூக்கிலுள்ள பிளவில் நுழைத்தால், உலோகத்தோடு உலோகம் தொடாமலே காந்தப்புலத்தின் வழியாக மின்சாரம் பாயும். மழையில் நின்றும் செருகலாம், அச்சமில்லை. ஆனால் மின்னேற்றியின் பெரும்பகுதி சுவரிலேயே இருந்தது. பயணத்துக்கென்று 1.2 கிலோவாட் ஆற்றலுள்ள சிறிய ஒன்றையும் காரின் பின்பெட்டியில் வைத்துக் கொடுத்தனர். இற்றை நாள் நாம் வாங்கும் கைக்கருவிக்கு முன்னோடி அதுவே எனலாம். ஆனால் அது பெயருக்கேற்ற மெய்யான மின்னேற்றி. 16.5 கிலோவாட் மணி கொண்ட அக்காரின் கலத்தை முழுமையாக நிரப்ப, இழப்பைக் கணக்கிற் சேர்க்காவிடினும், 14 மணி நேரம் பிடிக்கும்.

அக்காலத்தில் மற்றக் கம்பெனிகள் உலோகம் தொடும் பிளக்குகளை வைத்தன. ஒன்றன் கருவி மற்றதற்குப் பொருந்தாது. 2001இல் அவ்வாரியம், திசைதிருத்தும் மின்னேற்றியைக் காரே சுமக்க வேண்டும், சுவரிலிருந்து வருவது வெறும் மாறுமின்சாரமாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. இம்முடிவே இன்று உலகெங்கும் நிலைத்துவிட்டது. கார் எந்த ஊருக்குப் போனாலும் தன் மின்னேற்றியைத் தானே சுமந்து செல்கிறது. வீட்டிலிருந்து அதற்கு வேண்டுவது ஒரு கம்பிவடம் மட்டுமே.

அப்படியானால் நேராக ஒரு வடத்தைச் செருகிவிடலாமே, நடுவே பெட்டி எதற்கு என்று கேட்கலாம். அவ்வாறு செருகும் முறையும் உண்டு. அனைத்துலக மின்தொழில்நுட்பக் குழு தன் 61851ஆம் எண் தரக்குறிப்பில் அதனை முதலாம் முறை என்கிறது. அமெரிக்காவில் அதற்கு இடமில்லை. நடுவே காவற்பெட்டி உள்ளது இரண்டாம் முறை. சுவரிலேயே நிலையாகப் பொருத்தப்பட்டது மூன்றாம் முறை. நேர்மின்சாரத்தையே காருக்கு அனுப்பும் சாலையோரத்துப் பெருநிலையம் நான்காம் முறை. நாம் பேசுவது இரண்டாம் முறையைப் பற்றி.

பெட்டியின் தொழில் காவல். வடத்தினுள் மின்சாரம் செல்லும் கம்பிகளுக்குத் துணையாக மெல்லிய கம்பி ஒன்று ஓடுகிறது. அதன் வழியே பெட்டியும் காரும் உரையாடுகின்றன. முதலில் பெட்டி அக்கம்பியில் 12 வோல்ட் அழுத்தத்தை வைத்துக் காத்திருக்கும். கைப்பிடி காரில் பொருந்தியதும் காரிலுள்ள தடை அவ்வழுத்தத்தை 9 வோல்ட்டாகத் தாழ்த்தும்: 'நான் வந்துவிட்டேன்' என்பது அதன் பொருள். உடனே பெட்டி நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் குறியை அனுப்பும். துடிப்பின் அகலமே செய்தி. பத்தில் ஒரு பங்கு அகலமாயின் '6 ஆம்பியருக்கு மேல் இழுக்காதே'. ஆறில் ஒரு பங்காயின் '10 ஆம்பியர்'. பாதியைச் சற்றே தாண்டினால் '32 ஆம்பியர்'. காருக்குச் சம்மதமானால் அழுத்தத்தை 6 வோல்ட்டாகத் தாழ்த்தும். அதன் பின்னரே பெட்டியினுள் உள்ள சுவிட்சு 'டக்' என்னும் ஓசையுடன் மூடிக்கொள்ள, மின்சாரம் பாய்கிறது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த இவ்வுரையாடல் 2010 முதல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாயிற்று. வாயிலின் வடிவம் மட்டும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒன்றாகவும் ஐரோப்பாவில் வேறாகவும் ஆயிற்று. ஜெர்மானிய நாட்டு மென்னெக்கஸ் கம்பெனி வகுத்த ஏழு துளை வாயிலை ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டு ஆணையால் ஏற்றது. 'டைப் 2' என நாம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காண்பது அதுவே.

இவ்வுரையாடலை ஊன்றி நோக்கினால் வாங்குவோர் பலருடைய மயக்கம் தீரும். பெட்டி மின்சாரத்தைக் காரினுள் தள்ளுவதில்லை. இவ்வளவுக்கு மேல் இழுக்காதே என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு இழுக்க முடியும் என்பதைக் காரினுள் உள்ள மின்னேற்றியே முடிவு செய்கிறது. 2010இல் வெளிவந்த முதல் நிஸ்ஸான் லீஃப் காரின் மின்னேற்றி 3.3 கிலோவாட் ஆற்றலுடையது. அதற்கு 7 கிலோவாட் பெட்டியை வாங்கிக் கொடுத்தாலும் 3.3க்கு மேல் ஓர் அணுவும் கூடாது. ஒற்றைக் கட்டத்தில் மட்டும் ஏற்கும் காருக்கு மும்முனை மின்சாரத்துக்கான விலையுயர்ந்த கருவியை வாங்குவதும் அவ்வாறே வீண். 'இது வேகமாக ஏற்றும்' என்று கடைக்காரர் கூறினால், எந்தக் காரில் என்று கேட்க வேண்டும்.

சுவரின் வரலாறு

காவற்காரன் எதனைக் காக்கிறான் என்பதை இனிக் காண்போம். காரைக் காக்க அதனுள்ளேயே பல ஏற்பாடுகள் உள. உண்மையில் காவல் தேவைப்படுவது வீட்டுச் சுவருக்கு. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது; அவ்வரலாற்றை அறியாமல் பெட்டியைத் தேர்ந்தெடுத்தல் அரிது.

மலாயாவில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்டது 1894இல், ராவாங் ஈயச் சுரங்கத்தில், லோக் இயூவும் நம்மவராகிய தம்புசாமிப் பிள்ளையும் நிறுவிய இயந்திரத்தால் என்று மின்வாரிய வரலாறு குறிக்கிறது. பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு 1904இலும் சிங்கப்பூர்த் தெருக்களுக்கு 1906இலும் மின்சாரம் வந்தது. அக்காலத்து வீட்டுப் பிளக்குகள் உருண்டைக் கால்கள் உடையவை. 15 ஆம்பியர் உருண்டைக்கால் பிளக் இன்றும் அறைக் குளிரூட்டிகளுக்கு நம்மிடையே வழங்குகிறது. இப்போது எல்லா வீடுகளிலும் காணும் சதுரக்கால் பிளக் இரண்டாம் உலகப் போரின் குழந்தை.

போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டிலேயே, போருக்குப் பின் கட்டவேண்டிய வீடுகளின் மின்னமைப்பைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினருள் ஒரே பெண்மணி கரோலின் ஹாஸ்லட். குழந்தையின் விரலோ கம்பியோ துளையினுள் புகாதபடி உள்ளே மூடி இருக்க வேண்டும் என்பதில் அவர் கருத்தாயிருந்தார். நீண்ட எர்த் கால் முதலில் நுழைந்து தள்ளினாலன்றித் திறவாத அம்மூடி, 1947இல் வெளியான பி.எஸ். 1363 என்னும் தரக்குறிப்பில் இடம் பெற்றது. செம்புக்குப் பஞ்சமான காலம் ஆதலின், ஒரே கம்பி வீட்டைச் சுற்றி வளையமாக ஓடிப் பல பாயிண்டுகளுக்கு மின்சாரம் வழங்கும் முறையும் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பிளக்கினுள்ளும் ஓர் உருகி. உச்ச அளவு 13 ஆம்பியர். ஏன் 13? அக்காலத்து அறைச்சூட்டடுப்புக்கு 3 கிலோவாட் போதும். 240 வோல்ட்டில் அது 13 ஆம்பியருக்குச் சற்றே குறைவு.

குளிர்காலத்தில் மாலையில் இரண்டு மணி நேரம் எரிந்து அணையும் அடுப்பை மனத்திற் கொண்டு அமைத்த பிளக் இது. மாலை ஏழு மணிக்குத் தொடங்கி விடியும் வரையில் இடையறாது, ஆண்டின் எல்லா நாளும், வெப்ப நாட்டில், தகரக் கூரையின் கீழ் மின்சாரம் இழுக்கும் கார் அக்குழுவினர் கனவிலும் வந்திராது. பிரிட்டனிலேயே இதனை உணர்ந்து, 2016ஆம் ஆண்டுத் தரக்குறிப்பில் மின்காருக்கென்று தனிச்சோதனை விதித்து, அதில் தேறிய பாயிண்டுகளில் 'ஈ.வி.' என்னும் முத்திரை இடச் செய்தனர். இரட்டைப் பாயிண்டு என்றால் இரண்டு பதின்மூன்று, ஆக 26 ஆம்பியர் என்று நினைப்பார் உளர். இரட்டைப் பாயிண்டைச் சோதிப்பது இரண்டுக்கும் சேர்த்து 20 ஆம்பியர் அளவில் மட்டுமே. காருக்குப் பக்கத்தில் சலவை இயந்திரத்தையும் செருகுவோர் இதனை மறத்தல் கூடாது.

ஆபத்து எங்கே இருக்கிறது? பாயிண்டினுள் பிளக்கின் காலைக் கவ்விப் பிடிப்பது ஒரு பித்தளைக் கவ்வி. ஆண்டுக்கணக்கில் செருகிப் பிடுங்க அதன் பிடி தளர்கிறது. தளர்ந்த இடத்தில் தடை தோன்றுகிறது. தடையில் பாயும் மின்னோட்டம் வெப்பமாகும். அவ்வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஒத்தது என்று ஜூல் என்னும் ஆங்கிலேயர் 1840களிலேயே நிறுவினார். பத்தில் ஒரு பங்கு ஓம் தடையில் 10 ஆம்பியர் பாய்ந்தால் 10 வாட் வெப்பம். அது பழைய குண்டு பல்பு ஒன்றின் வெப்பம். தொட்டால் கை சுடும். அந்தப் பல்பைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் சிமிழினுள் வைத்து எட்டு மணி நேரம் எரியவிட்டதாக நினைத்துப் பாருங்கள். வெப்பம் கவ்வியை மேலும் தளர்த்தும். தளர்ச்சி மேலும் வெப்பத்தை வளர்க்கும். 13 ஆம்பியர் ஆனால் 17 வாட். 6 ஆம்பியராகக் குறைத்தாலோ 4 வாட்டுக்கும் கீழே.

இதில் வாசகர்கள் ஆழ்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உளது. பிடி தளர்ந்த பாயிண்டில் மின்னோட்டத்தின் அளவு கூடுவதில்லை. 10 ஆம்பியர் 10 ஆம்பியராகவே இருக்கும். ஆகவே பிளக்கினுள் உள்ள உருகி அறுபடாது. வீட்டுப் பலகையிலுள்ள பிரேக்கர் விழாது. கசிவு இல்லாமையால் கசிவுச் சுவிட்சும் வாளாவிருக்கும். சுவர் கருகுவதை வீட்டிலுள்ள காவலர் எவரும் காணமாட்டார். கண்டு நிறுத்தக் கூடியது பிளக்கினுள்ளேயே, கால்களின் அருகே, வெப்பமானி வைத்த கருவி ஒன்றே. சூடு மிகுந்ததும் பெட்டி குறியின் அகலத்தைச் சுருக்கிக் காரின் இழுப்பைக் குறைக்கும். மேலும் மிகுந்தால் சுவிட்சைத் திறந்துவிடும். மலிவான பெட்டிகள் சிலவற்றில் வெப்பமானி பெட்டியினுள் மட்டும் இருக்கும், பிளக்கில் இராது. விலைச்சீட்டில் இரண்டும் 'வெப்பப் பாதுகாப்பு' என்றே எழுதப்பட்டிருக்கும். வாங்குவோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அவ்வெப்பமானி எங்கே இருக்கிறது என்பதே. கிலோவாட்டைப் பற்றிய கேள்வி அதற்குப் பின்னர்தான்.

என் உறவினர் ஒருவர் வீட்டில் நேர்ந்ததைச் சொல்கிறேன். இருபது ஆண்டுப் பழமையான தொடர்வீடு. முன்தாழ்வாரத்தில், முன்பு மீன்தொட்டி மோட்டாருக்குப் பயன்பட்ட பாயிண்டில், இணையத்தில் வாங்கிய பெட்டியை 13 ஆம்பியரில் வைத்து ஓட்டினார். மூன்றாம் வாரத்தில் அவருடைய தாயார் துணி காயப்போடச் சென்றபோது ஏதோ கருகும் வாடை வீசுவதாகக் கூறினார். பிளக்கைப் பிடுங்கியபோது அதன் ஒரு கால் பழுத்த நிறமாகவும் பாயிண்டின் முகம் உருகி நெளிந்தும் இருந்தன. பிரேக்கர் விழவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கசிவும் காவலும்

வெப்பத்துக்கு அடுத்தது கசிவு. எர்த் கம்பி அறுந்த நிலையில் காரின் உடலில் மின்சாரம் ஏறினால், ஈரத்தரையில் நின்று கதவைத் தொடுவோர் உயிருக்குக் கேடு. உடலின் வழியே கசியும் சில மில்லி ஆம்பியர்களைக் கண்டு நொடிப்பொழுதில் துண்டிக்கும் சுவிட்சை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் 1961இல் அமைத்தார். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள், ஈரமான இடங்களுக்கு 10, கையிற்பிடிக்கும் கருவிகளுக்கு 30, மற்றவற்றுக்கு 100 மில்லி ஆம்பியர் என மூன்று அளவுகளை வகுத்துள்ளன. வீட்டின் பொதுச்சுவிட்சு 100 அளவினதாக இருக்குமானால் அஃது உயிரைக் காக்கப் போதாது. கைப்பெட்டியே 30 அளவில் காவல் செய்தல் வேண்டும்.

காரினுள் திசைதிருத்தி இருப்பதால் அங்கிருந்து நேர்மின்சாரமும் கசியக்கூடும். அது வந்து சேர்ந்தால் சாதாரணக் கசிவுச் சுவிட்சின் காந்த வளையம் நிறைந்து செயலற்றுப் போகும்; குருடான காவலன் போல. ஆதலின் 6 மில்லி ஆம்பியர் நேர்மின்கசிவையும் பெட்டி கண்டு நிறுத்துதல் வேண்டும். இவற்றையெல்லாம் ஒருங்கே விதிக்கும் தரக்குறிப்பு ஐ.இ.சி. 62752, 2016இல் வெளியானது. கருவியின் அடியில் இவ்வெண் பொறிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நல்லது. பிளக்கில் நம் நாட்டு முத்திரையும் இருத்தல் வேண்டும். வேற்று நாட்டுப் பிளக்கை அடாப்டரில் செருகி விற்பதை ஒதுக்கிவிடலாம். சீன நாட்டு வாயில் அமைப்பு நம் டைப் 2 போலவே தோன்றும்; ஆனால் பொருந்தாது. இணையத்தில் வாங்குவோர் இதில் ஏமாறுகின்றனர்.

பெட்டி பிளக்கிலிருந்து ஓரடி தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி கூறுகிறது. வடம் முழுவதும் காவலுக்கு உட்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். காவலனுக்கு முன்னே உள்ள துண்டு வடத்துக்கு அவனுடைய காவல் இல்லையன்றோ? ஆனால் இந்நன்மையோடு ஒரு தீமையும் பிறக்கிறது. பெட்டியின் எடை பிளக்கைக் கீழ்நோக்கி இழுத்துக் கவ்வியைத் தளர்த்துகிறது. சுவரில் ஓர் ஆணி அடித்துப் பெட்டியை அதில் தொங்கவிட்டால் இத்தீமை இல்லை. பெட்டியில் தொங்கவிடும் கண் இருக்கிறதா என்பது எந்த விளம்பரத்திலும் வாராத, ஆயினும் பார்க்கத்தக்க செய்தி.

ஊர்விட்டு ஊர் போகும்போது

10 ஆம்பியர் போதுமா என்னும் கவலை பலருக்கு உண்டு. 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் 2.3 கிலோவாட் ஆகும். நடுத்தரக் கார் நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோவாட் மணி செலவழிக்கிறது. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் 6; இழப்பையும் சேர்த்தால் 7. மூன்று மணி நேரத்தில் நிரம்பிவிடும். தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெற்றோர் வீட்டுக்குச் சென்றால் 45 கிலோவாட் மணி. இரண்டு இரவுகள் தங்கினால் திரும்பிவரப் போதும். அதற்கு மேல் விரைவு வேண்டுவோர்க்கு நெடுஞ்சாலை நிலையங்கள் இருக்கின்றன. வீட்டில் நாள்தோறும் விரைவு வேண்டுமாயின் 32 ஆம்பியர் நீலநிறத் தொழிற்சாலைப் பிளக்கைத் தனிக்கம்பியுடன் பொருத்திக்கொள்ளலாம். அந்நிலையில் சுவரிலேயே நிலைப்பெட்டி வைப்பது மேல் என்பது என் எண்ணம். செலவில் பெரிய வேறுபாடு இராது. பிளக் என்னும் பலவீனமும் ஒழியும்.

பெற்றோர் வீட்டுப் பாயிண்டைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. எப்போது பொருத்தியது, கம்பி எவ்வளவு பருமன், எர்த் உண்டா என்பதை யார் அறிவார்? ஆகவே பயணப்பெட்டியில் ஆம்பியரை 6, 8, 10 எனக் குறைத்து வைக்கும் வசதி இன்றியமையாதது. மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டு மீண்டும் வந்தால் குறைத்து வைத்த அளவு நிலைக்கிறதா, உச்ச அளவுக்குத் தாவுகிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும். வடம் எட்டவில்லை என்று சுருள்வடத்தை இடையில் சேர்ப்பது பெரும்பிழை. சுருட்டியபடியே விட்ட வடத்தில் வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகிவிடும். தாய்லாந்து எல்லையைத் தாண்டி ஹட்யாய் செல்வோர்க்கு இன்னொரு சோதனை. அங்குப் பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பி இல்லை. நல்ல பெட்டி எர்த் இல்லாவிடில் செந்நிற விளக்கைக் காட்டி வேலை செய்ய மறுக்கும். அதனைப் பழுது என்று எண்ணி எர்த் சோதனையை ஏமாற்றும் அடாப்டர்களைத் தேடுவோர் இருக்கின்றனர். பெட்டி அப்போதுதான் தன் தொழிலைச் செய்கிறது.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. வீவக அடுக்குமாடியில் வாழ்வோர்க்குத் தம் வீட்டுப் பிளக்கும் கார் நிறுத்துமிடமும் பல மாடி தூரம். தனிவீட்டுக்காரர்க்கே கைப்பெட்டிப் பேச்சு. அவர்களும் 2023 டிசம்பர் 8ஆம் நாள் நடப்புக்கு வந்த மின்வாகன மின்னூட்டச் சட்டத்துக்கு உட்பட்டவர். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் பெறாத கருவியை விற்பதும் பொருத்துவதும் பயன்படுத்துவதும் அங்குக் குற்றம். ஜொகூரில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவருமுன் ஒப்புதல் முத்திரையைப் பார்க்க வேண்டும்.

என் உறவினர் இப்போது பலகையிலிருந்து தனிக்கம்பி இழுத்துப் புதிய பாயிண்டு வைத்திருக்கிறார். பழைய பெட்டியை எறிந்துவிட்டு, பிளக்கில் வெப்பமானி உள்ள ஒன்றை 8 ஆம்பியரில் ஓட்டுகிறார். பெட்டி ஆணியில் தொங்குகிறது. மின்னேற்றத் தொடங்கிய அரைமணி கழித்து அவருடைய தாயார் சென்று புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டே உறங்கப் போகிறார்.